தம்பியின் காரில் தண்ணீர் குறைகிறது

1

மஸ்கட்டில் உன் மகன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், "காருக்கு டாக்டருங்க" என்று அம்மா சொல்லிவிடுகிறாள். அவ்வளவு பெரிய வேலையெல்லாம் இல்லை. ஒரு பெரிய பட்டறையின் முன்மேசையில் நிற்பவன் நான். வண்டியைக் கொண்டுவருகிறவரிடம் என்ன குறை என்று கேட்டு, பானெட்டைத் திறந்து பார்த்து, இன்னதாக இருக்கலாம் என்று எழுதி உள்ளே அனுப்புகிறவன்.

இந்த ஊர் வெயிலில் எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒன்றேதான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. இங்கே அதைத் தண்ணீர் என்று சொல்ல மாட்டார்கள், கூலண்ட் என்பார்கள். பச்சை நிறத்தில் இருக்கும். எங்கே போகிறது என்று தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரப்பர் குழாய்களின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும், கசிந்த இடத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். பிறகு வாட்டர் பம்பின் அடிப்பக்கம். பிறகு ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்து, அதன் மீட்டர் முள் இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால், கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத அந்தப் பேர்: ஹெட் கேஸ்கெட். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு அது. அது போனால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போகும், இல்லையென்றால் இன்ஜின் காற்று தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி வெளியே துப்பும். இன்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

இன்று காலை ஓர் ஒமானியர் வண்டியைக் கொண்டுவந்தார். ஓட்டிவிட்டு நிறுத்தினால் கீழே ஈரம். பம்பு மாட்டிப் பார்த்தோம். முள் அசையவில்லை. எங்கள் மெக்கானிக் ஜோஸ், திருச்சூர்க்காரர், கையைத் துடைத்துக்கொண்டே, "லீக் இல்ல சாரே. இந்த ஆளு அளவு தெரியாம நெறச்சு வச்சிருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்வியும் தாரணியும், அதாவது என் மனைவியும் மகளும், இந்த ஊருக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். அவர்களை அழைத்துவரப் போனபோது நடந்தது அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஏக்கத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு எழுத வேண்டியிருப்பது பொறாமையைப் பற்றி.

2

எங்கள் வீடு கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் தோப்பில் தேங்காய் பொறுக்கிப்போட்டும் மட்டை உரித்தும் வாழ்ந்தவர்கள். அப்பா நான் பாலிடெக்னிக் முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். தம்பி குமார் ஐந்தாவதோடு நின்றுகொண்டான். யாரும் நிறுத்தவில்லை. அவனுக்கே பிடிக்கவில்லை. டெம்போ கிளீனராகப் போனான், பிறகு டிரைவரானான்.

நான் விமானம் ஏறியபோது தாரணிக்கு ஒரு வயது நிறையவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால், 'ங்க' போடாமல் பேசக் கற்றுக்கொண்டேன். முதல் மாதத்தில் எங்கள் மேனேஜர், ஒரு ஆங்கிலேயர், ஏதாவது கேட்டால் "எஸ்ஸுங்க சார்" என்றுதான் வாயில் வரும். "நோங்க" என்றும் சொல்லியிருக்கிறேன். ஜோஸ் மேசைக்குக் கீழே குனிந்து சிரிப்பார். மேனேஜர் அதை ஏதோ இந்திய மரியாதை என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் என்னிடமே "தேங்க்யூங்க" என்றார். அன்றோடு விட்டுவிட்டேன். விட்ட பிறகுதான், ஊருக்குப் போன் செய்தால் அம்மாவிடமே மொட்டையாகப் பேசுகிறேன் என்று செல்வி சொன்னாள். "ஏனுங்க, யாரோ ஆபீசருகிட்டப் பேசற மாதிரி இருக்குதுங்க."

எங்கள் வீட்டில் போன் கிடையாது. குமார் நிற்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. எனக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலை அவன் எல்லாரையும் அங்கே கூட்டிவந்து நிறுத்துவான். தாரணியிடம் ரிசீவரைக் கொடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "பேசு கண்ணு, அப்பா" என்று செல்வி சொல்வது கேட்கும். பிறகு தூரத்தில், "சித்தப்பா, போலாம் வா" என்று என் மகளின் குரல், கணீரென்று.

குமார் கார் வாங்கியதை அந்த பூத்திலிருந்துதான் எனக்குச் சொன்னான். பழையது, மூன்று கை மாறியது, வெள்ளை நிறம். வாங்காதே என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். வாங்கிவிட்டான். எங்கள் தெருவில் சொந்தமாகக் கார் வைத்த முதல் ஆள் அவன். எனக்கு அது உறுத்தியது. மஸ்கட்டில் கார்களுக்கு நடுவில் நிற்கும் எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை.

3

குடும்பத்தை இங்கே கொண்டுவருவது என்பது ஒரு தனி உத்தியோகம். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. பதிவு செய்யவில்லை, எங்கள் ஊரில் அப்போது யார் செய்தார்கள்? முதலில் கல்யாணம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும், அதற்குச் சான்றிதழ். சான்றிதழ் உண்மைதான் என்று சென்னையில் ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை. அப்புறம் எல்லாவற்றையும் அரபியில் மாற்ற வேண்டும். அரபியில் என் பெயர் எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் ஜோஸ், "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவருக்கும் தெரியாது.

பாஸ்போர்ட்டுக்காக வீட்டுக்கு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். செல்வி அதை பூத்திலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"காத்தால வந்தாருங்க. தம்பி காரைத் தொடச்சிட்டு இருந்தாங்க, இவ பக்கத்துல நின்னா. அவரு பாத்துட்டு, புள்ள உங்க சாடையே உரிச்சு வெச்சிருக்குதுங்களேன்னு தம்பிகிட்டச் சொல்லிப்போட்டாருங்க. தம்பிக்கு வெக்கம் வந்திருச்சு."

"குமார் என்ன சொன்னான்?"

"எங்கண்ணன் புள்ளைங்கன்னு சொன்னாங்க. அதுக்கு அவரு, அப்ப அண்ணன் எங்கன்னாரு. இவ மேல கையைக் காட்டுனா."

"மேலயா?"

"ஏரோப்பிளேன்லங்கறாளாமா."

செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. சாடை எங்கள் குடும்பச் சாடை, எனக்கும் அதே மூக்குதான் என்று கண்ணாடியில் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

திருவனந்தபுரத்தில் இறங்கி ரயிலேறிக் கோயமுத்தூர் வந்தேன். ஸ்டேஷன் வாசலில் குமார் நின்றிருந்தான். தோளில் தாரணி.

"ஏனுங்ணா, இப்படி எளச்சுப்போட்டீங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு, "தங்கம், யாரு பாரு" என்று அவளை இறக்கி என் பக்கம் நீட்டினான். தூக்கிக்கொண்டேன். என் கையில் அவள் உடம்பு பலகை மாதிரி விறைத்திருந்தது. அழவில்லை. மரியாதையாக, பஸ்ஸில் தெரியாதவர் மடியில் உட்கார வைத்த குழந்தை மாதிரி இருந்தாள். அப்புறம் குமாரின் காதருகே சாய்ந்து, எனக்குக் கேட்கும்படி, "இவங்கதான் மஸ்கட் அப்பாவா?" என்று கேட்டாள்.

காரில் எனக்கு முன்சீட்டு. அவள் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், பின்னாலிருந்து எழுந்து நின்று, ஒரு கையைக் குமாரின் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவளுடைய இடம். உக்கடம் தாண்டும்வரை ஹாரன் அவள் பொறுப்பு. குமார் "அம்மணி" என்றால் அவள் எட்டி அடிப்பாள். எந்த வளைவில் அடிக்க வேண்டும் என்று அவன் சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒத்தக்கால்மண்டபம் வந்தபோது தூங்கிப்போனாள், அவன் தோளில் போட்ட கையை எடுக்காமலே. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாலு வருடமாக நான் சட்டை, ரிப்பன், பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் என்று ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் கொடுத்தனுப்பியிருந்தேன். அந்தப் பொம்மைக் காரை வீட்டில் போய்ப் பார்த்தேன். பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. நிஜக் கார் வாசலில் நிற்கும்போது யாருக்கு வேண்டும் பொம்மை?

குமார் மறுநாள் காலை அவளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது நானும் போனேன். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் சொட்டி ஒரு சிறிய குளம்.

"இதுதானுங்ணா தொந்தரவு. தெனமும் இப்படித்தான் ஒழுகுது. ஸ்டாண்டுல மத்தியானம் ஆறுன பொறகு பாத்தா ரெண்டு வெரக்கட கொறஞ்சிருக்கும். ரொப்பி உட்டா மறுநாளும் ரெண்டு வெரக்கட. நீங்க வந்து பாத்துச் சொல்லுவீங்கன்னுதான் யாருகிட்டயும் காட்டாம வெச்சிருக்கறேன்."

தினமும் இரண்டு விரல் உயரம். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வாங்காதே என்று நான் சொன்ன கார்.

அன்றைக்கே தாரணியிடம் செல்வி, மஸ்கட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். விசா வந்துவிட்டிருந்தது. என் விடுமுறை முடியும்போது மூவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

"சித்தப்பா காரு வந்தா நானு வாரேன்" என்றாள் என் மகள்.

"காரு ஏரோப்பிளேன்ல ஏறாது கண்ணு."

"அப்ப நானு வல்லே."

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். அழுகையில்லை, அடமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கதறக் கதறத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிற அப்பனாகத்தான் அவள் என்னை நினைவு வைத்துக்கொள்ளப் போகிறாளா?

5

மஸ்கட்டிலிருந்து ஒரு கேன் பச்சைக் கூலண்ட் கொண்டுவந்திருந்தேன், குமாருக்காக. ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் அதை எடுத்துக் குலுக்கி, முகர்ந்து, "குடிக்கறதா?" என்று கேட்டார். காருக்கு என்றேன். "கார் எங்கே?" என்றார். கார் கிணத்துக்கடவில் என்றேன். ஏன் காரை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கொண்டுவருகிறாய் என்பதுபோலப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

பழைய தண்ணீரை வடித்துவிட்டு அந்தப் பச்சையை ஊற்றினேன். கழுத்துவரை ஊற்றக் கூடாது. சூடானால் அது விரியும், விரிய இடம் வேண்டும். இந்தப் பழைய வண்டிகளில் மிஞ்சுவதைப் பிடித்துவைக்கத் தனி டப்பா கிடையாது, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் விட்டுவிடும். அதனால் இரண்டு விரல் குறைவாக நிறுத்தினேன். "இனிமேல் இதில் கை வைக்காதே, தண்ணீர் சேர்க்காதே" என்று குமாரிடம் சொன்னேன். "சரிங்ணா" என்றான்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அதே குளம், இளம்பச்சை நிறத்தில். அதற்கடுத்த நாளும். ராத்திரி வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்துவைத்தேன், காலையில் உலர்ந்து கிடந்தது. ஆக, நிற்கும்போது ஒழுகவில்லை, ஓடினால்தான் ஒழுகுகிறது. குழாய் இணைப்புகள் காய்ந்திருந்தன. வாட்டர் பம்பில் ஒரு பொட்டு ஈரமில்லை. அந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று உள்ளிருந்து தள்ளுகிறது.

இன்ஜின் ஆயிலைக் குச்சியில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால் டீ மாதிரி இருக்கும். சுத்தமாக இருந்தது. புகையில் வெள்ளையில்லை. இரண்டுமே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னன. ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், போகப்போகத்தான் தெரியும் என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மஸ்கட்டில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்லியிருந்தால் ஜோஸ் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றும் இருந்தது. ரேடியேட்டரைத் திறந்து பார்க்கப் பார்க்கப் பச்சை வெளுத்துக்கொண்டே போனது. பச்சை வெளுத்தால் யாரோ தண்ணீர் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். குமார்தான், நான் சொன்னதைக் கேட்காமல் ஸ்டாண்டில் ரொப்புகிறான் என்று முடிவு செய்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவன் இல்லை என்பான், நான் நம்ப வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் அவன் வாசலில் வந்து உட்கார்ந்தான். "என்னங்ணா, கண்டுபிடிச்சீங்களா?"

"ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கும்" என்றேன்.

அவனுக்கு அந்தப் பேரின் கனம் தெரியும். "அப்ப பிரிக்கோணும்."

"பிரிச்சா அதோட நிக்காது. பழைய இன்ஜின்."

"நீங்க சொன்னாச் செரிங்ணா. கோபிச்செட்டிபாளையத்துல ஒரு லாரிக்காரரு ரொம்ப நாளா கூப்பிட்டுட்டு இருக்கறாரு, குஜராத் லைனுக்கு. மாசத்துக்கு ஒருக்கா ஊட்டுக்கு வரலாமாம். வண்டிய வித்துப்போட்டு அதுக்கே போயர்றேன். பொள்ளாச்சில இருந்து ஒருத்தரு கேட்டாரு. ஞாயித்துக்கெழம காத்தால வரச் சொல்லட்டுங்களா?"

"சொல்லு" என்றேன்.

தாரணி பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வாயால் ஊதி, விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். இந்தக் கார் போய்விட்டால், இவனும் போய்விட்டால், அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது? கசப்பாகத்தான் இருந்தது அந்த நினைப்பு. ஆனால் நான் அதைத் துப்பவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் விழிப்பு வந்துவிட்டது. வாசலில் பானெட் திறக்கும் சத்தம். பொள்ளாச்சிக்காரர் சீக்கிரம் வந்துவிட்டாரோ என்று எழுந்து போனேன்.

அம்மா. கையில் பெரிய சொம்பு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து சேலை மடிப்பில் செருகிக்கொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்துவரை வந்தது. நிறுத்தவில்லை. தளும்பி வழிந்த பிறகுதான் நிறுத்தினாள். மூடியைத் திருகிவிட்டு, மிச்சத் தண்ணீரை வாசலில் தெளித்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"தூங்குலியா சாமி? வண்டிக்குத் தண்ணி ஊத்துனேன்."

"எப்ப இருந்து ஊத்தற?"

"வண்டி வந்த நாளாத்தான். குமாரு மொத நாளு மூடியத் தொறந்து காட்டுனான், இதுக்குத் தண்ணி வேணும்மான்னு. காத்தால கெளம்பற வண்டி கொறையாப் போவலாமா கண்ணு? ஊட்ட உட்டுக் கெளம்பறது எதுவா இருந்தாலும் நெறைகொடமாப் போவோணும்."

"நான் பச்சையா ஒண்ணு ஊத்தி வெச்சேனேம்மா."

அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தணித்தாள். "அது ரெண்டு வெரக்கட கொறச்சலா இருந்துச்சு. வெளிநாட்டுல இருந்து சொமந்துட்டு வந்தவன், பத்தாமப் போச்சாட்ட இருக்குது, அதைச் சொல்லி என்னத்துக்கு மனச நோவடிக்கறதுன்னு நானே ரொப்பிப்போட்டேன். அப்பறம் ஒழுகுது ஒழுகுதுன்னு பேசிக்கிட்டீங்க. அதான் இன்னுங் கொஞ்சம் சேத்தி ஊத்துனேன்."

நான் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனையும் விளங்கிவிட்டது. கழுத்துவரை நிறைந்த தண்ணீர், பள்ளிக்கூடம் போவதற்குள் சூடாகி, விரிந்து, தனக்கு வேண்டிய இடத்தை உண்டாக்கிக்கொண்டு மிச்சத்தைத் துப்புகிறது. மத்தியானம் குமார் பார்க்கிறான், இரண்டு விரல் குறைவு. அவன் ரொப்பினால் திரும்பவும் துப்பும். நான் தடுத்த பிறகு அவன் கை வைக்கவேயில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டே இரண்டு விரல் குறைந்தது, மூன்றாவது விரல் குறையவேயில்லை. ஒழுகுகிற வண்டி அப்படி ஒரே கோட்டில் வந்து நிற்காது. அது எனக்குத் தெரிந்த பாடம். மஸ்கட்டில் முன்மேசையில் நான் கேட்கும் முதல் கேள்வியே, "யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்பதுதான். என் வீட்டில் அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு, தான் செய்தது சம்பந்தப்பட்டது என்றே தெரியாது. இன்னும் இரண்டு மணி நேரம் நான் பல் விளக்கிக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் இருந்துவிட்டால் போதும். பொள்ளாச்சிக்காரர் வருவார், கார் போய்விடும், குமார் லாரி ஏறுவான், தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். பொய் சொல்லவே வேண்டாம். சொன்ன பொய் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தது.

டீ குடித்தேன். அது உண்மை. முழு டம்ளர் டீயும் குடித்து முடித்தேன்.

குமார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காரைத் துடைக்க வந்தான். விற்கப்போகிற காரை அவன் எப்போதையும்விட நன்றாகத் துடைத்தான். சக்கரத்தின் மூடிகளைக்கூடக் கழற்றிக் கழுவினான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

"குமாரு, அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லு. வண்டில கோளாறு இல்ல."

"என்னங்ணா சொல்றீங்க? கேஸ்கெட்டுன்னீங்க?"

"கேஸ்கெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா தெனமும் காத்தால ரொப்பிட்டு இருக்கு. நெறைஞ்சு வழியற வரைக்கும்."

அவன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கார்மேல் கை வைத்துக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ஏம்மா, இது என்ன எருமையா, காத்தால தண்ணி காட்டறதுக்கு? பருத்திக்கொட்டையும் போடறியா?"

"ஆமாடா, உன்னைய ரொப்புனா நீயுந்தான் ஒழுகுவே" என்றாள் அம்மா, தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பது மட்டும் புரிந்து.

"எங்கண்ணன் மட்டும் வல்லீன்னா இன்னைக்கு வண்டி போயிருக்குமுங்க" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சத்தம்போட்டுச் சொன்னான். என்னைப் பெருமையாகப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

7

ஆக, கார் இருந்தது. சித்தப்பாவும் இருந்தார். என் மகள் வர மாட்டேன் என்றதும் அப்படியே இருந்தது.

அவளைச் சம்மதிக்க வைத்தது நானில்லை. செல்வியும் இல்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் குமார் அவளைத் தூக்கி பானெட்மேல் உட்காரவைத்து, எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே ஜன்னலருகில் இருந்தேன்.

"அங்க எத்தனையோ காரு, தங்கம். எல்லாம் உங்க அப்பாகிட்டத்தான் வந்து நிக்கும்."

"உன்ற காரு நிக்காதுல்ல?"

"நிக்காது. நீ போயி எல்லாத்தையும் பாத்துட்டு, போன்ல எனக்குச் சொல்லோணும். நான் எங்க போயிப் பாக்கறது? நீ சொன்னாத்தான எனக்குத் தெரியும்."

"தெனமும் சொல்லோணுமா?"

"வெள்ளிக்கெழமையானாப் போதும்."

"செரி" என்றாள். அவ்வளவுதான். நான் பல நாள் முயன்று தோற்றதை அவன் பானெட்மேல் உட்காரவைத்து முடித்துவிட்டான். என் மகள் என்னோடு வந்தாள், அவன் சொல்லி அனுப்பியதால். இதற்கும் எனக்குப் பொறாமை வந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, குமார் ஜன்னலுக்கு வெளியே நின்றான். தாரணி செல்வியின் மடியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். ரயில் கிளம்பும் நேரத்தில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காமல் சொன்னான்:

"ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாதுங்ணா. அன்னைக்கு நீங்க சொல்லாமயே உட்டிருக்கலாம். வண்டி போயிருக்கும். நானும் குஜராத்துப் பக்கம் போயிருப்பேன். இப்ப தெனமும் அந்த ஸ்கூலு வழியாத்தான ஸ்டாண்டுக்குப் போவோணும்."

நான் கையை நீட்டி அவன் கைமேல் வைத்தேன். பார்த்தவர்களுக்கு அண்ணன் தம்பிக்கு ஆறுதல் சொல்கிறான் என்று தெரிந்திருக்கும். உண்மையில் என் மனதில் முதலில் வந்தது இரக்கமில்லை. நான்கு வருடம் நான் பட்டதை இனி நீ படு என்று ஒரு சின்னச் சந்தோஷம். பாலக்காடு வரும்வரை அது இருந்தது. பிறகு அதுவும் போய், ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே வந்து அவள் மாறிக்கொண்டுதான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கீழ்வீட்டுக் குழந்தைகளோடு இந்தி. செல்வி "ஊட்டுக்கு வா" என்றால் "கமிங் மம்மி" என்கிறாள். நான் காலையில் கிளம்பும்போது அவள் தூங்குகிறாள், திரும்பும்போதும் பெரும்பாலும் தூங்கிவிடுகிறாள். விழித்திருக்கும் நாளில் "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்கிறாள், மேனேஜரிடம் நான் சொல்வதுபோல. இப்போது மஸ்கட் அப்பா என்பதில்லை. வெறும் அப்பாதான். அதுவரை முன்னேற்றம்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு ஆள். இரண்டு காலையும் சோபாமேல் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர்ப் பேச்சு ஒரு எழுத்து மாறாமல் பேசுகிறாள். போன வாரம், "சித்தப்பா, என்ற பல்லு உளுந்திருச்சு! ஸ்கூல்லயே உளுந்திருச்சு! யாருக்குமே தெரியாது, பென்சில் டப்பாவுல ஒளிச்சு வெச்சிருக்கறேன்" என்று கத்தினாள். நானும் செல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான்தான் எண்களை அழுத்துவேன், அங்கே பூத்தில் மணி அடிக்கிறதா என்று கேட்பேன், குமார் எடுத்ததும் "நல்லா இருக்கியா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரிசீவரை அவளிடம் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு எழுந்து போக மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். என் மகளைப் பற்றிய செய்திகள் எனக்கு அப்படித்தான் வந்து சேர்கின்றன.